பட்டையிலிருந்து சுருளுக்கு: ஜீப்பைத் தூக்கிய கதை

"வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கணும், எந்த ஸ்பிரிங் போடலாம்?" ஆஃப்-ரோடு பைத்தியம் பிடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. ஸ்பிரிங்கின் வேலை சுமை தாங்குவதா, சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பதா?

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. அதில் நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். குதிரை வண்டி காலத்துச் சரக்குதான், ஆனால் லேசில் ஒதுக்கிவிட முடியாது. சுமையையும் தாங்கும், அச்சையும் அதுவே பிடித்துக்கொள்ளும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் ஓரளவு தானாகவே அடங்கிவிடும். 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான லேண்ட் ரோவரும் இதே வழிதான். அதில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங்கும் மறுபக்க ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. ஓர் ஆள் எடைக்கே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்!

போர் முடிந்ததும் மிச்சமான ஜீப்புகள் அமெரிக்காவில் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1953-ல் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஜீப் திருவிழாவே தொடங்கிவிட்டது. பாறை இடிக்கிறதா, வண்டியைத் தூக்கு! சிலர் பட்டையைத் தாங்கும் கொக்கியை நீளமாக்கினார்கள். சிலர் கூடுதலாக ஒரு பட்டையைச் சொருகினார்கள். துணிந்தவர்கள் அச்சுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றி, ஒரேயடியாக 5 அங்குலம் வரை தூக்கினார்கள். உயரம் கிடைத்தது. கூடவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெட்டது, ஸ்டீயரிங் அலைந்தது, வளைவில் கவிழும் பயமும் வந்தது. இத்தனைக்கும் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை. அது உயர வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி.

திருப்பம் 1970-ல் வந்தது. ரோவர் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்பென் கிங்கும் அவரது குழுவும் ரேஞ்ச் ரோவருக்கு நான்கு சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். அதுவும் மெத்தென்ற, நீளமாக விரியக்கூடிய ஸ்பிரிங். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினாலும் மற்றொன்று பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பின்னால் சாமான் ஏற்றினால் வண்டி குந்திவிடுமே? அதற்காகப் பின் அச்சுக்கு மேலே போகே நிறுவனத்தின் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். சாலையில் வண்டி குலுங்கும் குலுக்கலிலேயே அது தன்னைத் தானே பம்ப் செய்துகொண்டு பின்பக்கத்தை நிமிர்த்திவிடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. இந்தக் கதையிலேயே அழகான யோசனை இதுதான்.

(1972-ல் பிரிட்டிஷ் பயணக் குழு ஒன்று இந்த வண்டிகளை டேரியன் காட்டுக்குள் ஓட்டியது. பிரம்மாண்டமான சேற்று டயர், அளவுக்கு மீறிய சுமை, டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. ஸ்பிரிங் மேல் குற்றமில்லை.)

சுருள் வந்ததும் ஷாக் அப்சார்பரின் அந்தஸ்து மாறிவிட்டது. சுருளில் உரசல் இல்லையே! ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு முழுக்க ஷாக் தலையில் விழுந்தது. ஸ்பிரிங்குக்குக் காசைக் கொட்டிவிட்டு, "பழைய ஷாக்கே போதும்" என்று மிச்சம் பிடிப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பிரிங்கைத் தூக்கினால் ஷாக்கும் நீளமாக வேண்டும், ஆனால் கண்டபடி அல்ல. முழுதாக அமுங்கும்போது ரப்பர் பம்ப் ஸ்டாப் முதலில் தடுக்க வேண்டும். அதற்கு முன்பே ஷாக் முட்டினால் ஷாக் உடையும். முழுதாக விரியும்போதோ, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவுவதற்கு முன் ஷாக் நிறுத்த வேண்டும். பிரேக் ஹோஸும் அந்த நீளத்துக்கு எட்ட வேண்டும்.

எடைக் கணக்கைப் பொறுமையாகச் செய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். கங்காரு முட்டாமல் இருக்க முன்னால் இரும்பு பார், அதில் வின்ச், பின்னால் டீசல், தண்ணீர் என்று நிரந்தரச் சுமையோடு பாலைவனம் போகிறவர்கள். ஓல்ட் மேன் ஈமு போன்ற பெயர்களில் அங்கே விற்கும் ஸ்பிரிங்குகள் எத்தனை அங்குலம் என்று மட்டும் பார்த்து வாங்குவதல்ல, எத்தனை கிலோ என்றும் பார்த்து வாங்குவது. ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 4 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முன் அச்சில் கூடும் 100 கிலோ இரண்டு ஸ்பிரிங்கிலும் பாதிப்பாதியாகப் பிரிந்து வண்டியை சுமார் 12 மி.மீ. இறக்கும். பார் அச்சுக்கு முன்னால் தொங்குவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்தச் சுமையே இல்லாத வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால்? உயரமாக நிற்கும், ஆனால் முதுகெலும்பு கழன்றுவிடும் :-)

ஜீப் ராங்லர் 1997 மாடலில்தான் நான்கு சுருளுக்கு மாறியது. மஹிந்திரா தாரின் பின்பக்கம் 2010-ல் பட்டையோடு வந்து, 2020-ல் சுருளானது. டொயோட்டாவோ 1999-ல் லேண்ட் குரூசர் 70 வரிசையின் கனரக வண்டிகளுக்கு முன்னால் மட்டும் சுருள் கொடுத்தது. பின்னால், சுமை ஏறும் இடத்தில், பழைய பட்டைதான்.