உருவப்படத்தில் உண்மை எங்கே?

ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறினார். 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியன் நோர்த்தை அவர் படம் பிடித்தார். வெப்பமானி 96 பாகை பரனைற்று காட்டிய வேளையில் கம்பளித் துகில் போர்த்தி, கூந்தலை விரித்து, தென்னோலை தலையிற் குத்த நிறுத்தி, இயல்பாகத் தோன்றுமாறு பணித்தாராம்! நோர்த் தம் நினைவு நூலில் இதனை எழுதியுள்ளார்.

அக்காலத் தகட்டில் ஒளி பதியப் பல வினாடிகள் வேண்டும். அசைந்தால் உருவம் கலங்கும். ஆகவே விறைத்து நிற்றலே வழக்கமாயிற்று. விரைவுப் படச்சுருள் வந்தபின் அந்தக் கட்டாயம் ஒழிந்தது. வழக்கமோ எளிதில் ஒழியவில்லை.

நேயர்களே, கல்முனையை அடுத்து, கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையை எண்ணிப் பாருங்கள். நெசவாளர் ஒருவரை வண்ணத்திரை முன் நிறுத்தினால் முகம் கிடைக்கும். தறியில் நாடா ஓடும்போது எடுத்தால் அவர் வாழ்வே கிடைக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, இக்கரையில் மனிதரையும் அவர்தம் வீட்டுப் படங்களையும் ஒருங்கே கொண்டுசென்றது. எஞ்சிய படத்தில் உற்றார் தேடுவது வேடத்தையன்று. தாம் அறிந்த மனிதரையே. அவரைக் காட்டும் படமே உண்மைப் படம்.