எழுதுகோலும் படக்கருவியும்: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் கலைவாழ்வு

சிங்களம் பேசிய முதற் படம் பிறந்தது இலங்கையிலன்று, மதுரையிலே. எஸ். எம். நாயகம் என்னுந் தமிழர் தயாரித்த 'கடவுனு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆந் தேதி வெளியாயிற்று. அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் சிங்களப் படவுலகம் தென்னிந்தியப் படப்பிடிப்புக் கூடங்களிற் குடியிருந்த வாடகைக் குடியாகவே விளங்கியது. கதைப் போக்கும், பாட்டின் மெட்டும், அட்டையிலே கட்டிய கிராமமும் அங்கிருந்தே வந்தன. ஊவாவின் தோட்டத்து மக்கள் பதுளைக்கு இறங்கிவந்து கண்டுகளித்த தமிழ்ப் படங்களுக்கும் அக்காலச் சிங்களப் படங்களுக்கும் மொழியொன்றே வேற்றுமை எனின் அது பெரிதும் மிகையாகாது. இந்நிலையை மாற்றியவர் நடிகருமல்லர், முதலாளியுமல்லர். பத்திரிகைகளிற் கலை பற்றி எழுதிவந்த ஒருவர்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் தேதி தெகிவளையிலே பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்திற் பயின்ற மருத்துவர். இல்லம் ஆங்கிலமயமான கத்தோலிக்க இல்லம். அவ்வில்லத்திற் சிங்கள மரபின் சாயல் பாட்டியார் ஒருவரிடமே எஞ்சியிருந்தது. பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரியை இடையில் விட்டு நீங்கிய இளைஞர் பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். தம்பியார் ஐவன் பீரிஸ் ஓவியர். 1943இல் லயனல் வென்ட் முதலியோர் கூடி அமைத்த '43 குழு'வைச் சேர்ந்தவர். 1947இல் இருவரும் இங்கிலாந்து சென்றனர். அங்கிருந்து 'டைம்ஸ் ஒப் சிலோன்' பத்திரிகைக்குக் கலைச் செய்திகளும் விமரிசனங்களும் எழுதி வந்த லெஸ்டர், எழுதுவதோடு அமையாமற் சிறு படங்களையும் எடுக்கத் தொடங்கினார். 'சொலிலொக்வி' என்னும் குறும்படம் 1949இல் அவருக்குப் பரிசும் பெற்றுத் தந்தது.

விமரிசகன் படைப்பாளியாதல் அந்நாளில் உலகெங்கணும் நிகழ்ந்த ஒன்று. பிரான்சிலே பிரான்சுவா திருபோ என்னும் இளைஞர் 1954இல் 'கையே து சினிமா' இதழில் எழுதிய கட்டுரையால் அந்நாட்டின் மூத்த நெறியாளர்களைச் சினங்கொள்ளச் செய்தார். அவரே 1959இல், தமது இருபத்தேழாவது வயதில், 'நானூறு அடிகள்' என்னும் படத்திற்காகக் கான் விழாவிற் சிறந்த நெறியாளருக்கான பரிசைப் பெற்றார். வங்காளத்திற் சத்தியஜித் ராயும் முன்னர் இந்தியப் படங்களின் குறைகளை எழுதிக் காட்டியவரே. குறை சொல்லுதல் எளிது. சொன்ன குறையின்றித் தானே ஒன்றைச் செய்து காட்டுதல் அரிது. அரியதனைச் செய்த அச்சிலருள் இலங்கையருக்கும் இடமுண்டு என்பதைப் பலரும் நினைப்பதில்லை.

1952இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவின் ரால்ப் கீன் அழைக்கவே லெஸ்டர் தாயகம் மீண்டார். அங்கே 1954இல் அவர் எடுத்த 'வரண்ட பிரதேசத்தின் வெற்றி' என்னும் விவரணப்படம் மலேரியாவை எதிர்த்த போராட்டத்தைக் காட்டுவது. வெல்லவாயாவும் புத்தளையும் போன்ற ஊவாவின் தாழ்நிலத்து ஊர்களுக்கு அக்காய்ச்சல் எத்தகைய கூற்றுவனாயிருந்தது என்பதை அறிந்தோர்க்கு அப்பொருளின் கனம் விளங்கும். ஆயினும் அரசாங்கப் பணி அவரை நெடுநாள் கட்டிவைக்கவில்லை. அரசாங்க உத்தியோகமே பெரும்பேறெனக் கருதப்பட்ட காலத்தில், 1955இல், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா ஆகியோரோடு அவர் அதனைத் துறந்தார்.

அம்மூவரின் துணிவில் விளைந்ததே 'ரேகாவ' (1956). நோய் தீர்க்குங் கை உடையவன் என ஊரார் நம்பிய சிறுவன் ஒருவனின் கதை அது. பார்வையிழந்த சிறுமி மீண்டும் பார்வை பெற்றதும் ஊர் அவனைத் தொழுகிறது. பின்னர்த் துன்பம் வந்ததும் அதே ஊர் அவன்மேற் பழி சுமத்துகிறது. படப்பிடிப்புக் கூடத்தை நாடாது இயற்கை வெயிலில், மெய்யான கிராமத்திலே அது எடுக்கப்பட்டது. சுனில் சாந்தவின் இசையும் மார்சலின் ஜயக்கொடி அடிகளின் பாடல்களும் மண்ணுக்குரியனவாய் அமைந்தன. 1957இல் கான் விழாவின் போட்டிக்கு அப்படம் சென்றது. திருபோவின் படத்துக்கு இரண்டாண்டுகள் முந்தி என்பது குறிக்கத்தக்கது. ஆனால் உள்நாட்டிற் பணப்பெட்டி நிறையவில்லை. கூடத்து ஓவியத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு மெய்யான வெயில் கூசிற்றுப் போலும்!

நான்காண்டுகள் கழித்து அவருக்குக் கைகொடுத்தவர் கே. குணரத்தினம் என்னுந் தமிழ் முதலாளியாவார். போர்த்துக்கேயர் காலத்துக் கதையாகிய 'சந்தேசய' (1960) மக்களிடையே நன்கு ஓடியது. அடுத்து வந்த 'கம்பெரலிய' (1963), மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவியது. திரைக்கதை எழுதிய ரெஜி சிறிவர்தனாவும் ஒரு விமரிசகரே. படத்தைத் தொகுத்தவர் பின்னாளில் நெறியாளருக்கு வாழ்க்கைத் துணைவியான சுமித்திரா. சீரழியும் வளவுக் குடும்பமொன்றின் பெண்ணுக்கும் ஆங்கிலம் கற்பிக்கவந்த இளைஞனுக்கும் இடைப்பட்ட சொல்லாத அன்பினை ஆட்டமும் பாட்டுமின்றி அப்படம் சொல்லிற்று. 1965இற் புதுடில்லியில், ராய் தலைமை தாங்கிய நடுவர் குழு அதற்குத் தங்கமயிலை வழங்கியது. 'நிதானய' (1970) இன்னும் ஆழமானது. அவருடைய படங்களுள் முதன்மையானதென அதனையே கூறல் வேண்டும். லெனாட் வூல்வின் நாவலை ஒட்டிய 'பத்தேகம' (1980), ஊவாவின் தெற்கெல்லையை அடுத்துக் கிடக்கும் அம்பாந்தோட்டைக் காட்டின் கதை.

இத்துணை நுண்ணிய கண், வளவின் முற்றத்தையும் வயற்கரையையும் கண்டதேயன்றி, மலைநாட்டு லயத்தின் உள்ளே நுழையவில்லை. அவருடைய கதைப்படங்களுள் ஒன்றேனும் தோட்டத் தொழிலாளர் வாழ்வை மையப்பொருளாகக் கொண்டதில்லை. அதற்கு முன்னரும் நிலை வேறன்று: தேயிலைப் பிரசார சபைக்காகப் பசில் ரைட் எடுத்துப் புகழ்பெற்ற 'சோங் ஒப் சிலோன்' (1934), தேயிலையின் பணத்திற் பிறந்தும், கொழுந்து பறித்தவரின் இல்லத்துள் நெடுநேரம் தங்கவில்லை. அறியாத வாழ்வை அறிந்ததுபோற் காட்டாமை லெஸ்டரின் நேர்மை எனச் சிலர் கூறலாம். ஆங்கில இல்லத்திற் பிறந்தவர் சிங்களக் கிராமத்தை முயன்று கற்றாரெனின், லயத்தையும் கற்றிருக்கலாகும். தமிழ்ப் பேச்சும் தமிழ் மண்ணும் அத்தகைய கலைக்கண்ணுக்கு முன் வந்தது 1977இலே. அதுவும் யாழ்ப்பாணத்திலே, தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' வாயிலாக.

1983ஆம் ஆண்டு லெஸ்டரின் 'யுகாந்தய' வெளியாயிற்று. அவ்வாண்டு ஆடிக் கலவரத்திற் குணரத்தினத்தின் எந்தளைப் படப்பிடிப்புக் கூடமாகிய விஜயா எரியுண்டது. படச்சுருள்கள் பலவும் உடன் அழிந்தன. லெஸ்டரின் அடுத்த படமாகிய 'அவரகிர' வெளிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இறுதிப் படத்தை 2006இல், எண்பத்தேழாவது வயதில் அவர் தந்தார். 2018ஆம் ஆண்டு சனவரியிற் பத்திராஜ மறைந்தார். ஏப்பிரல் 29ஆந் தேதி, தொண்ணூற்றொன்பதாவது வயதில், லெஸ்டரும் கொழும்பிலே காலமானார்.