செட்டிகுளக்கரைத் தீயும் திருப்பெரும்புதூர் மாலையும்

1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது வீழ்ந்தான் செஞ்சி மன்னன் தேசிங்கு. கோட்டைக்குள் செட்டிகுளக்கரையில் மூண்ட ஈமத்தீயில் அவன் இளம் மனைவியும் புகுந்தாள். பகைவனாகிய நவாபே அவள் நினைவாக ராணிப்பேட்டையை அமைத்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ராணிபாய் என்று அவளைக் குறிப்பர். அதுவும் பட்டமேயன்றிப் பெயராகத் தோன்றவில்லை. அவள் உள்ளத்தில் இருந்தது யாது என வினவும் தேவை எவருக்கும் எழவில்லை. கணவன்பொருட்டு என்னும் ஒரு காரணமே போதியதாயிற்று.

அந்த ராணிப்பேட்டை வழியே சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில்தான் திருப்பெரும்புதூர் உள்ளது. 1991 மே 21 இரவு, அங்கே சந்தன மாலையுடன் வந்த தணு என்னும் இளம்பெண் ராஜீவ் காந்தியைக் கொன்று தானும் மடிந்தாள். மாலையேந்திய பெண்ணை ஐயுறும் பழக்கம் நமக்கில்லை என்பதை அவளை அனுப்பியோர் நன்கறிந்திருந்தனர். அவளை விலக்க முனைந்தவரும் ஒரு பெண் காவலரே என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அமைதிப்படையினரால் மானமிழந்தவள், அதனால் பழிதீர்த்தாள் என்றொரு கதை பின்னர் பரவியது. உறுதிப்படாத அக்கதையைப் பலரும் எளிதில் ஏற்றனர். பெண் கொலை செய்வதாயின் கற்போ காதலோதான் காரணமாதல் வேண்டும். கொள்கை காரணமாதல் இயலாது என்னும் பழைய நினைப்பே அதற்கு அடிப்படை. 1987 அக்டோபர் 10இல் கோப்பாயில் மாலதி களத்தில் மடிந்த நாள்முதல், புலிகளின் மகளிர் போரிட்டே மடிந்ததை அந்நினைப்பு கண்டுகொள்ளவில்லை. 1932இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மன்றத்தில் ஆளுநர் ஜாக்சனை நோக்கிச் சுட்ட பீனா தாஸ், தம் செயலின் காரணத்தை நீதிமன்றத்தில் தாமே எடுத்துரைத்தார். தணுவுக்காகப் பேசியவர்கள் பிறரே.

இந்நினைப்பு சில வேளை உயிர்காக்கவும் கூடும். அதே வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற நளினி, முருகன்மீது கொண்ட காதலால் இழுக்கப்பட்டவர், ஏவலுக்குப் பணிந்தவர், பெண்குழந்தையின் தாய் எனக் கூறி, 1999இல் உச்சநீதிமன்ற நீதிபதி தாமஸ் ஆயுள்தண்டனையே போதும் என்றார். உடனிருந்த இருவர் உடன்படவில்லை. 2000இல் அத்தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 நவம்பரில் அவர் விடுதலையானார். இரக்கம் நன்றே. ஆயினும் அவர் தாமாக எதையும் எண்ணியிருக்கமாட்டார் என்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட விலை.

தணுவின் மானத்தைப் பற்றி இத்துணை பேசியவர்கள், அன்றிரவு ராஜீவுக்குக் கவிதை படித்துக்காட்டி அவரருகே நின்று மாண்ட சிறுமியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.