குலுக்கலில் விழுந்த வீடு

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பதினோரு குடித்தனங்கள். குழாய் ஒன்றே ஒன்று. விடியற்காலை நான்கு மணிக்குக் குடங்கள் வரிசையில் நின்றுவிடும். குடத்தை வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளலாம் என்பது எழுதப்படாத சட்டம். ஆனால் திரும்பி வரும்போது குடம் இரண்டு இடம் பின்னால் தள்ளியிருக்கும். இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டுக்காரர் மெயினை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கரண்டு பில் அவர் தலையில் விழுந்தது. தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவன் என்று என்னைப் பற்றி யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அறிவுத் தாகம் ஒன்றுமில்லை. உள்ளே விளக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒண்டுக் குடித்தனம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் யாரோ, பெரிய கலைஞனாக இருக்க வேண்டும். அங்கே வசிப்பதில்லை, ஒண்டுகிறோம். மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவன் மழை விடாததால் அங்கேயே கலியாணமும் செய்துகொண்டு பிள்ளையும் பெற்ற கதை.

பட்டணம் அப்படித்தான் நிரம்பிக்கொண்டிருந்தது. 1951 ஜனக் கணக்கில் சென்னையில் சுமார் 14 லட்சம் பேர். 1961-ல் 17 லட்சம். 1971-ல் ஏறக்குறைய 25 லட்சம். நகரத்தின் எல்லை அவ்வப்போது விரிந்தது உண்மைதான். ஆனால் எல்லை விரிந்ததால் எங்கள் குழாயடியில் ஒரு குடம் குறைந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. சட்டத்தால் வாடகையைப் பிடித்து வைக்கலாம். ஓர் அறையைக் கட்ட முடியாது.

கட்டுகிற காரியத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது அப்போதுதான் புதிதாக என்று சொல்ல முடியாது. 1920-களிலேயே மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஆனால் அங்கே மனை வாங்கக் கையில் ரொக்கம் வேண்டும். சுதந்திரம் வந்ததை ஒட்டி, நகர அபிவிருத்தி டிரஸ்டு என்று ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. ஆங்கிலத்தில் அதன் மூன்று முதலெழுத்துக்களைச் சேர்த்து சி.ஐ.டி. நகர் என்று ஒரு பேட்டைக்கே பெயர் வந்தது. துப்பறியும் போலீஸ்காரர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் இடம் என்றுதான் சிறு வயதில் நான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் போனால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன். பக்கத்து நந்தனம் மட்டும் அழகான பெயரோடு தப்பித்துக்கொண்டது. நந்தன வருஷத்தில் உருவானதால் ராஜாஜி வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

காமராஜ் முதலமைச்சராக இருந்தபோது, 1961-ல், மாநில வீட்டு வசதி வாரியச் சட்டம் நிறைவேறியது. டிரஸ்டின் வேலையை வாரியம் எடுத்துக்கொண்டது. பட்டணத்தோடு நிற்காமல் ராஜ்யம் முழுவதற்கும் வீடு கட்டுவது அதன் பொறுப்பு. அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர், பெசன்ட் நகர், சாஸ்திரி நகர் எல்லாம் இந்த வாரியம் போட்ட கோலங்கள். 1968-ல் உலகப் பொருட்காட்சி நடந்து, அதற்காக 135 அடி உயரத்தில் கோபுரம் ஒன்று எழுந்த மேற்குப் பக்கத்து நிலங்களில் அண்ணா நகர் வந்தது.

யாருக்காக இவ்வளவும்? இந்த இடத்தில் ஒரு சின்ன எண்ணைக் கவனிக்க வேண்டும். 1954-ல் மத்திய சர்க்கார் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வருஷ வருமானம் 6,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் அதில் சேரலாம். மாதம் 500 ரூபாய்! அந்தக் காலத்தில் 500 ரூபாய் சம்பளக்காரர் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரிப்பார்கள். உச்சவரம்பு ஒன்று போட்டார்கள். கீழே வரம்பு இல்லை. ரிக்ஷாக்காரரும் சேரலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மாதம் தவறாமல் தவணை கட்ட மாதம் தவறாத சம்பளம் வேண்டுமே! ஆகவே, ஏழைக்கென்று போட்ட பந்தியில் குமாஸ்தா உட்கார்ந்தார். குமாஸ்தாவின் பிள்ளையாகிய நான் சாப்பிட்டேன். இதைச் சொல்லாமல் வாரியத்தைப் புகழ்ந்தால் எழுதுகிற கை கூசும்.

1959-ல் நடுத்தர வருவாய்க்காரர்களுக்கென்றே தனித் திட்டம் வந்தது. அதற்குப் பணம் கொடுத்தது ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன். எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு சந்தோஷம் உண்டு. குமாஸ்தாக்கள் செத்தால் வரும் என்று கட்டிய பிரீமியம், உயிரோடிருக்கும்போதே குமாஸ்தாக்களுக்கு வீடாக வந்தது.

குலுக்கலுக்கு அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். அம்மா பார்த்தசாரதி கோயிலுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்த அப்பா செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்றார்.

"விழுந்துடுச்சு" என்றார்.

அம்மா பதறிப்போய், "எங்கே விழுந்தீங்க?" என்றாள்.

பதினோரு குடித்தனமும் சிரித்தது. சிரித்ததில் பத்துக் குடித்தனத்துக்குத் தொண்டை அடைத்ததும் எங்களுக்குத் தெரியும். அவர்களில் நான்கு பேர் அதே குலுக்கலுக்கு மனுப் போட்டிருந்தார்கள்.

ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது. முன்பணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல்கள் போயின. மீதியை வருஷக்கணக்காக மாதத் தவணையில் கட்ட வேண்டும். கடைசித் தவணை தீரும்வரை வீடு நம்முடையதல்ல. தீர்ந்தபின்தான் கிரயப் பத்திரம். நாங்கள் குடிபோன காலனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் கொஞ்சம் பொறுத்தால் தெரியும். எல்லா வீடும் ஒரே அச்சு. முதல் வாரம் அப்பா ஆபீசிலிருந்து திரும்பி, அடுத்த தெருவில் இதே இடத்திலுள்ள வீட்டுக்குள் போய்க் காபி கேட்டுவிட்டார். அம்மா மட்டும் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தனிக் குழாய். நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல மாதம் வரை அவள் எழுந்துகொண்டுதான் இருந்தாள்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர் ஒரு பெரியவர். நான்கைந்து எருமைகள். காலனிக்கு வெளியே, ரோடு முடிகிற இடத்தில் கொட்டகை. ஒரு நாள் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். கோர்ட்டுக் காகிதம். என் இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை. அப்பா படித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் அவருடைய வயல் என்று.

1894-ல் வெள்ளைக்காரன் போட்ட நில ஆர்ஜிதச் சட்டம் அது. பொதுக் காரியத்துக்கு நிலம் தேவை என்று அறிவிப்பு வெளியான தேதியில் என்ன மார்க்கெட் விலையோ, அதுதான் விலை. கட்டாயமாக வாங்குவதால் அதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து. 1984-ல்தான் அது முப்பது ஆயிற்று. பின்னால் ரோடு வந்து, பஸ் வந்து, நிலம் பொன்னாய் விளைந்தால் அந்த விளைச்சலில் பழைய சொந்தக்காரனுக்குப் பங்கில்லை. போதாது என்று தோன்றினால் ஆட்சேபத்தோடு பணத்தை வாங்கிக்கொண்டு, சிவில் கோர்ட்டுக்கு அனுப்பும்படி கேட்கலாம். பெரியவர் கேட்டிருந்தார். செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காணி என்பது இருபத்துநாலு மனை. அவர் காணியாகக் கொடுத்தார்; நாங்கள் மனையாக வாங்கினோம். நடுவில் ரோடும் சாக்கடையும் பூங்காவும் பள்ளிக்கூடத்துக்கு இடமும் போயின, வாரியம் கடனுக்கு வட்டியும் கட்டியாக வேண்டும். கொள்ளை லாபம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் வீடு எங்களுக்கு எட்டும் விலையில் இருந்ததற்கு முதல் காரணம் அவருடைய வயல் மலிவாகக் கிடைத்ததுதான்.

கோர்ட்டுகள் நஷ்ட ஈட்டை உயர்த்தியதும் உண்டு, ஆனால் பல வருஷம் கழித்து. உயர்ந்த தொகையை வாரியம் வட்டியோடு கட்ட வேண்டும். வீடு வாங்கியவரிடம் ஆரம்பத்தில் சொன்னதோ உத்தேச விலைதான். இறுதி விலை பின்னால் வரும். ஆகையால் தமிழ்நாட்டில் எத்தனையோ காலனிகளில், தவணையெல்லாம் கட்டி முடித்துப் பத்திரத்துக்குக் காத்திருந்த பென்ஷன்காரர்களுக்கு, நிலத்தின் கூடுதல் விலை என்று நோட்டீசு வந்தது. அவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வயலை இழந்தவரும் வீட்டை வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு கோர்ட்டுகளில் ஒரே நிலத்துக்கு விலை பேசினார்கள். 2014 ஜனவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்து 1894-ன் சட்டத்தை மாற்றும்வரை இதுதான் நடைமுறை.

பந்தியில் இடம் கிடைக்காதவர்களுக்காக 1970-ல் குடிசை மாற்று வாரியம் தனியாக வந்தது. மாடி வீடுகளைக் குடிசைகள் இருந்த இடத்திலேயே கட்டியதுதான் அதன் ஆரம்ப காலத்துப் பெருமை. பிறகு, 2000-ஐ ஒட்டி, கண்ணகி நகர் போல ஊருக்கு வெளியே தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு இங்கே, பிழைப்பு அங்கே. 2021-ல் அந்த வாரியத்தின் பெயரும் மாறிற்று. என் மனத்துக்குப் பிடித்தது நடுவில் வந்த ஒரு யோசனை. 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில், அரும்பாக்கத்திலும் பிறகு வில்லிவாக்கம், கொடுங்கையூரிலும், முழு வீடு கட்டிக் கொடுக்காமல் சின்ன மனை, தண்ணீர், கக்கூஸ் இவற்றை மட்டும் கொடுத்தார்கள். மீதியைக் கையில் காசு சேரச் சேர நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்றுச் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அதே அச்சில் வார்த்த வீடுகளில் இல்லாத ஒரு களை அந்தத் தெருக்களில் உண்டு. ஒவ்வொரு மாடியும் ஒரு மகளின் கலியாணத்துக்கு முன்போ பின்போ எழும்பியதாக இருக்கும்.

எங்களுக்குக் கிரயப் பத்திரம் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். பால் கொண்டுவந்த பெரியவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். அவருடைய கேஸ் அப்போதும் முடியவில்லை. பத்திரத்தில் எழுதியிருந்த சர்வே நம்பரை அப்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது கெணத்து மேடுங்க ஐயா" என்றார். "தண்ணி நல்லா இருக்கும். பின்னால ஒரு போரு போட்டுக்குங்க."

மறு வருஷம் போட்டோம். பதினெட்டு அடியில் தண்ணீர்.