வாக்குக்குக் கட்டுப்பட்ட தளபதிகள்

‘ஸ்ட்ராட்டஜி’ என்றால், கதவைச் சாத்திக்கொண்டு சிலர் மட்டும் போடும் திட்டம் என்றே இன்று எண்ணத் தோன்றுகிறது. அதன் வேர் இருக்கும் ஏதென்ஸில் நிலைமை வேறு. படையை நடத்துபவர் என்று பொருள்படும் ‘ஸ்ட்ராடெகோஸ்’ அங்கே ஒரு பதவி. பெரும்பாலான பதவிகளைச் சீட்டுக் குலுக்கி நிரப்பிய அந்த நகரம், இதற்குத் திறமை பார்த்தது: ஆண்டுதோறும் பத்துப் பேரைக் குடிமக்கள் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரையே எத்தனை முறை வேண்டுமானாலும் அமர்த்தலாம், இடையில் இறக்கவும் செய்யலாம். கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டது. வயல்களைக் கைவிட்டு மதிலுக்குள் ஒதுங்குவோம், கடற்படையை நம்புவோம் என்ற திட்டத்தைப் பெரிக்ளீஸ் ஊரவையில் வாதாடித்தான் ஏற்கவைத்தார். அடுத்த ஆண்டு கொள்ளைநோயில் ஊர் மடிந்தபோது அவரைப் பதவியிறக்கி அபராதம் விதித்த மக்கள், பிறகு அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். திட்டம் போடுவதும் அதற்குப் பதில் சொல்வதும் அங்கே ஒரே பொறுப்பாக இருந்தன என்பதே என் வாதம்.

கூட்டத்துக்கு அஞ்சும் தளபதி எப்படித் துணிந்து முடிவெடுப்பான் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். சிசிலியில் தோற்றுக்கொண்டிருந்த ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ், ஊர் திரும்பினால் தண்டனை என்று அஞ்சிப் பின்வாங்கத் தயங்கினார், படையே அழிந்தது. கி.மு. 406இல் அர்கினூசாய்க் கடற்போரில் வென்ற தளபதிகள், புயலில் தத்தளித்த தம் மாலுமிகளைக் காப்பாற்றவில்லை என்று குற்றம்சாட்டப்பட்டார்கள். எட்டுப் பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, ஊர் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். இதைக் கொடுமை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழக்கில் மீறப்பட்டது ஏதென்ஸின் சொந்த முறைதான்: ஒவ்வொருவரையும் தனியே விசாரிக்காமல், எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டித்தார்கள். அன்று அவையை நடத்தியவர்களில் ஒருவரான சாக்ரடீஸ் அதைச் சட்டவிரோதம் என்று எதிர்த்தார். குறை, கணக்குக் கேட்டதில் இல்லை; கேட்ட முறையில் இருந்தது. சினம் தணிந்த பின் ஏதென்ஸ் வருந்தியது, மக்களை ஏமாற்றியவர்கள் என்று சிலர்மீது வழக்கும் தொடுத்தது.

‘ஸ்ட்ராட்டஜி’ என்ற சொல் நவீன ஐரோப்பாவுக்கு வந்த வழி ஏதென்ஸ் ஊரவை அல்ல. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோவின் போர்க்கலை நூலை 1771இல் பிரெஞ்சில் பெயர்த்த ஜோலி த மெய்ஸெராய் என்ற படை அதிகாரிதான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. லியோவின் காலத்து ‘ஸ்ட்ராடெகோஸ்’ பேரரசரால் அமர்த்தப்பட்டவர். அவருக்கு வாக்களித்தவர்கள் எவரும் இல்லை, அவரை இறக்கும் உரிமை பேரரசருக்கு மட்டுமே இருந்தது.