ஓசை அடங்கும் நாகரிகங்கள்: வேற்றுலகத் தேடலில் தலைகீழான ஓர் எதிர்பார்ப்பு

1924 ஆகஸ்டில் செவ்வாய் பூமியை மிக நெருங்கி வந்தது. அந்த நாட்களில் மணிக்கு ஐந்து நிமிடம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று அமெரிக்க வானியலாளர் டேவிட் டாட் கேட்டுக்கொண்டார். கடற்படை நிலையங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. செய்தி ஏதும் வந்தால் உடைத்துப் படிக்க, ராணுவத்தின் சங்கேதக்குறி வல்லுநர் வில்லியம் ஃப்ரீட்மன் தயாராக இருந்தார். ஒன்றும் வரவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த நீண்ட அலைகள் வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்கைத் தாண்டி வர முடியாதவை. அப்படி ஓர் அடுக்கு உண்டு என்பதை எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனை மூலம் நிறுவியதே அதே ஆண்டு டிசம்பரில்தான். செவ்வாயிலிருந்து யாராவது உண்மையிலேயே அந்த அலைகளில் கூப்பிட்டிருந்தாலும் இங்கே கேட்டிருக்காது.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் தலைசிறந்த கருவியை வேற்றுலகத்தார் கையிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். 1877இல் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டார். 1894 முதல் பெர்சிவல் லோவெல் அவற்றைப் பாசனக் கால்வாய்கள் என்றே வாதிட்டார். கால்வாய் யுகம் கால்வாயைக் கண்டது. வானொலி யுகம் வானொலியைத் தேடியது.

முறையான தேடலுக்கு வித்திட்டது, 1959 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் கொக்கோனியும் மாரிசனும் எழுதிய சிறு கட்டுரை. ஹைட்ரஜன் அணு தானாக வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் எந்த உலகத்து வானியலாளருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே அங்கேதான் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஏப்ரலில் ஃபிராங்க் டிரேக், கிரீன் பேங்கில் இருந்த 26 மீட்டர் தொலைநோக்கியை டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரு விண்மீன்கள் பக்கம் திருப்பினார். தொடக்கத்திலேயே பலத்த துடிப்பு ஒன்று பதிவாகி எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்தது. அது பூமியிலிருந்து கிளம்பியதே என்று பின்னர் தெரிந்தது.

அறுபதுகளில் எதிர்பார்ப்பு இன்னும் பெருத்தது. முன்னேறிய நாகரிகம் தன் விண்மீனின் ஆற்றல் முழுவதையும் வளைத்துப் பிடித்துப் பயன்படுத்தும், பயன்படுத்திய ஆற்றல் அகச்சிவப்பு வெப்பமாக வெளியேறும் என்று 1960இல் ஃப்ரீமன் டைசன் எழுதினார். 1964இல் சோவியத் வானியலாளர் நிக்கொலாய் கார்தஷேவ் நாகரிகங்களை மூன்று வகையாகப் பிரித்தார்: கோளளவு ஆற்றல், விண்மீன் அளவு, அண்டத்திரள் அளவு. அடுத்த ஆண்டே CTA-102 என்ற வானொலி மூலத்தின் ஒளிர்வு மாறுவதைக் கண்டு, நாகரிகம் ஒன்று கிடைத்துவிட்டதாக மாஸ்கோவிலிருந்து செய்தி பறந்தது. உண்மையில் அது ஒரு குவாசார். வளர்ச்சி என்றால் கூடுதல் ஆற்றல், கூடுதல் ஆற்றல் என்றால் கூடுதல் சத்தம்: அணு உலைகளும் ராக்கெட்டுகளும் எழும்பிய காலத்துக்கு இது இயல்பான கணக்குதான்.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் விதை 1948இலேயே விழுந்திருந்தது. பெல் ஆய்வகத்தில் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, ஒரு செய்தியில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை எவ்வளவு நீக்குகிறோமோ அவ்வளவு சிக்கனமாக அதை அனுப்பலாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் ஒழுங்கு எதுவும் தென்படாது. மைக்கேல் லாக்மன், மார்க் நியூமன், கிறிஸ்டஃபர் மூர் ஆகிய மூவரும் இதை அதன் எல்லைவரை கொண்டுசென்று 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிக்கனமாகக் குறியிடப்பட்ட மின்காந்தச் செய்தி, குறியீட்டு முறை தெரியாதவருக்குச் சூடான பொருள் ஒன்றின் சாதாரண வெப்பக் கதிர்வீச்சாகவே தோன்றும் என்பது அவர்கள் முடிவு. தேடலின் வரலாற்றிலேயே சங்கடமான முடிவு இதுதான் எனலாம்.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய அனலாக் தொலைக்காட்சி தன் ஆற்றலில் பெரும்பங்கை மிகக் குறுகிய அதிர்வெண்ணில் குவித்து அனுப்பியது. வானியலாளர்களின் மென்பொருள் வானத்தில் தேடுவதும் அத்தகைய ஒடுங்கிய கோட்டைத்தான். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பைக் கைவிட்டன. டிஜிட்டல் ஒளிபரப்பு ஆற்றலை அகலமாகப் பரப்பிவிடுகிறது. கண்டங்களுக்கிடையே போகும் தகவலில் பெரும்பகுதி இன்று கடலடிக் கண்ணாடி இழைகளில் ஓடுகிறது. அதிலிருந்து விண்வெளிக்கு எதுவும் கசிவதில்லை. வேண்டுமென்றே அழைப்பு விடுப்பவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் சத்தமாகத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டுக்கேட்டு அறியலாம் என்ற நம்பிக்கைதான் அடிபடுகிறது.

வெப்பத்தின் கதை வேறு. செய்தியை மறைக்கலாம், செலவழித்த ஆற்றலை மறைப்பது வெப்ப இயக்கவியல் விதிகளோடு மல்லுக்கட்டுவது. அதனால் டைசனின் யோசனை இன்றும் உயிரோடிருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ரைட் குழுவினர், வைஸ் விண்கலப் பதிவுகளில் சுமார் 1,00,000 அண்டத்திரள்களைச் சலித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். விண்மீன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கி வெப்பமாக உமிழும் நாகரிகம் எதுவும் உறுதியாகத் தென்படவில்லை. கார்தஷேவின் மூன்றாம் வகைக்கு இது பலத்த அடி. ஆனால் ஆற்றலை அளவோடு செலவிடும் ஒரு நாகரிகம் இந்தச் சல்லடையின் கண்ணில் சிக்காமல் போய்விடும். அதனிடம் அறிவு குறைவு என்று அதற்குப் பொருளல்ல.

இதுவரை தேடிய அளவும் சொற்பம். ரைட்டும் இரு சகாக்களும் 2018இல் திசை, தொலைவு, அதிர்வெண், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பூமியின் கடல்களோடு ஒப்பிட்டால், வானொலித் தேடல் அலசியிருப்பது ஒரு சிறு நீச்சல்தொட்டித் தண்ணீர்தான் என்றார்கள்.

2025இல் சோஃபியா ஷேக் தலைமையிலான குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது: இன்றைய கருவிகளே வேறோர் இடத்தில் இருந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து பூமியைக் கண்டுபிடிக்கலாம்? அரேசிபோ தொலைநோக்கியின் கோள் ரேடாருக்கு விடை சுமார் 12,000 ஒளியாண்டுகள்; அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. நம் செல்பேசிக் கோபுரங்களின் கசிவு எட்டுவது ஏறத்தாழ 4 ஒளியாண்டுகள். மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி இருப்பது 4.2 ஒளியாண்டுத் தொலைவில்.