எண்பது ஆண்டு தவறான பெயரில்

மலாக்காவில் வண்ணமீன் கடைக்குப் போய் வந்தவர்கள் கண்ணாடிக் கெளுத்தியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். விரல் நீளம்தான் இருக்கும். முதுகெலும்பையும் சிறுமுட்களையும் வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். குடல், ஈரல் எல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளிப் பையில் ஒடுங்கிக் கிடக்கும். நீண்ட மீசை இரண்டை முன்னால் நீட்டியபடி, கூட்டமாக ஒரே பக்கம் பார்த்து நிற்கும். தனியாகப் போட்டால் துவண்டுபோகும். ஒன்றே ஒன்று வாங்கிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இதன் சொந்த ஊர் தாய்லாந்து. கிரா பூசந்திக்குத் தெற்கே தாய்லாந்து வளைகுடாவில் விழும் ஆறுகளிலும், அந்நாட்டின் தென்கிழக்கில் கார்டமம் மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகளிலும் இருக்கிறது. பினாங்கிலும் உண்டு என்று ஒரு பேச்சு; உறுதிப்படவில்லை. ஆற்றில் வலைபோட்டுப் பிடித்து, நெகிழிப் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். இந்த வியாபாரம் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன மீன், போன இடமெல்லாம் வேறொரு மீனின் பெயரைச் சுமந்துகொண்டு போனது.

அந்தப் பெயர் கிரிப்டாப்டெரஸ் பைசிர்ரிஸ். பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியன் 1840-இல் ஜாவா மீன் ஒன்றுக்கு வைத்தது. அது இதைவிடப் பெரிய மீன். தொட்டி வியாபாரத்துக்கு வருவதே அரிது. 1989-இல் டைசன் ராபர்ட்ஸ் போர்னியோவின் கப்புவாஸ் ஆற்றிலிருந்து கிரிப்டாப்டெரஸ் மைனர் என்ற சின்ன இனத்தை விவரித்தார். பிறகு கடை மீனையும் அதில் சேர்த்துவிட்டார்கள். புத்தகங்கள் திருத்தப்பட்டன. திருத்தமும் தவறு.

இவ்வளவு காலம் எப்படித் தவறியது? மற்ற மீன்களுக்குச் செதிள் வரிசையை எண்ணி இனம் பிரிப்பார்கள். கெளுத்திக்குச் செதிளே கிடையாது. துடுப்புக் கதிர்கள், செவுள் வளைவில் இருக்கும் முட்கள், மீசை எட்டும் தூரம், கண்ணுக்கும் தலைக்கும் உள்ள விகிதம் என்று நுணுக்கமாக அளக்க வேண்டும். போதாததற்கு, கண்ணாடிக் கெளுத்தி செத்தவுடன் பால்போல் வெளுத்துவிடும். ஊருக்கெல்லாம் தெரிந்த அதன் ஒரே அடையாளம் சாராயக் குப்பிக்குள் காணாமல் போய்விடுகிறது. கடையில் வாங்கிய மீனுக்கு எந்த ஆறு என்ற குறிப்பும் இருக்காது. ஆறு தெரியாத மீனை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என்ன செய்வார்?

சிங்கப்பூரின் எங் ஹியோக் ஹீயும் சுவிட்சர்லாந்தின் மொரிஸ் கொட்டெலாவும் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார்கள். குதத் துடுப்பில் 48 முதல் 55 கதிர்கள், முதல் செவுள் வளைவில் 14 முதல் 18 முட்கள், பிடரியில் நன்றாகத் தெரியும் ஒரு பள்ளம், ஒல்லியான வால் தண்டு. இவற்றை உறவு இனங்களோடு ஒப்பிட்டபோது எந்தப் பழைய பெயரும் இந்த மீனுக்குப் பொருந்தவில்லை. 2013-இல் சூடாக்சா ஆய்விதழில் கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்ற பெயர் வந்தது. எண்பது ஆண்டுத் தவறு என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள்.

பெயர் மாறினால் மீனுக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. மீனுக்கு ஒன்றுமில்லை, மனிதர்களுக்கு உண்டு. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கெளுத்தியிடமிருந்து மின்காந்தப் புலத்தை உணரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கட்டுரையில் பழைய பெயர்தான் இருந்தது. எந்த மீனின் மரபணு என்று நாளை ஒருவர் தேடினால் ஜாவா மீனிடம் போய் நிற்பார். 2023-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் இதன் உடம்பில் ஓடும் வானவில் நிறங்களுக்குக் காரணம் தோலல்ல, தசை நார்களின் அடுக்குதான் என்று காட்டினார்கள். தோலோ விழும் ஒளியில் 90 விழுக்காடு வரை உள்ளே விட்டுவிடுகிறதாம். அவர்கள் சரியான பெயரை எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். பீட்டர் எங்கும் கெல்வின் லிம்மும் 1993-இல் விவரித்த ஒரு குட்டிக் கெளுத்தி வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டிலிருந்து வந்தது; மலாக்காவிலிருந்து சில மணி நேரப் பயணம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இன்னும் ஓடைகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே பிடிப்பதையெல்லாம் 'கெலி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

தோட்டத்து ஓடையில் பழக்கமில்லாத சின்னக் கெளுத்தி சிக்கினால், பக்கத்தில் அளவுகோல் வைத்து, மீசையும் வயிற்றுப் பக்கத் துடுப்பும் தெரியும்படி பக்கவாட்டில் படமெடுங்கள். ஓடையின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துப் பல்கலைக்கழக மீனியல் துறை எதற்காவது அனுப்புங்கள். தொட்டி மீன் அலுத்துவிட்டால் மலாக்கா ஆற்றில் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டப்பட்ட தென்னமெரிக்கக் கெளுத்திதான் இன்று மலேசிய ஆறுகளை நிறைத்திருக்கும் 'இக்கான் பண்டாராயா'. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.